பி.எஸ்சி. இயற்பியல்: இடம் இருக்கிறது, ஆள் ஏன் வருவதில்லை?

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் அரசு கலை, அறிவியல் கல்லூரிகளில் கலந்தாய்வு தொடங்கிவிடும். பி.காம்., பி.சி.ஏ., கணினி அறிவியல் இடங்கள் முதல் ஓரிரு நாட்களிலேயே போய்விடுகின்றன. தரவரிசையில் பின்னால் இருப்பவர்கள் வந்து நிற்கும்போது திரையில் மிச்சம் இருப்பது இயற்பியல், கணிதம், வேதியியல். 'இதுதான் இருக்கு, வேணுமா?' என்ற கேள்விக்கு 'சரி, குடுங்க' என்று பதில் சொல்லிச் சேர்பவர்களால்தான் இன்று பல ஊர்களில் இயற்பியல் வகுப்புகள் ஓடுகின்றன. அவர்களும் வராவிட்டால் பெஞ்சுகள் காலி.

மாநிலம் முழுவதும் அரசு கலை, அறிவியல் கல்லூரிகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இளநிலை இடங்கள் இருக்கின்றன. அவற்றுக்குப் போட்டி கடுமை. அப்படியிருந்தும் அடிப்படை அறிவியல் துறைகளில் மட்டும் இடங்கள் தேங்குகின்றன. பிளஸ் டூ அறிவியல் பிரிவு எதை எடுத்தாலும் இயற்பியல் உண்டு. பொறியியல் கட் ஆஃப் 200 மதிப்பெண்ணில் 50 இயற்பியலுக்கு. நீட் எழுதுவோருக்கும் அது தவிர்க்க முடியாத தாள். லட்சக்கணக்கானோர் இரண்டு வருடம் விழுந்து விழுந்து படித்த பாடம், கல்லூரி வாசலில் வேண்டாத பாடமாகிவிடுகிறது.

காரணம் கேட்டால் எல்லோரும் சொல்வது ஒரே வாக்கியம்: 'பிசிக்ஸ் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?'

இந்தக் கேள்வி புதுசு இல்லை

சர் சி.வி.ராமன் 1904இல் சென்னை மாநிலக் கல்லூரியில் தங்கப் பதக்கத்தோடு பி.ஏ. முடித்தார். 1907இல் எம்.ஏ. அதன் பிறகு அவர் போனது ஆய்வகத்துக்கு அல்ல, நிதித்துறைக்கு. அறிவியல் படித்தவர்களுக்கு அன்று வேலை இல்லை. போட்டித் தேர்வு எழுதி, பதினெட்டு வயதில் கல்கத்தாவில் துணைக் கணக்காயர் பதவியில் சேர்ந்தார். பகலில் கணக்கு, அலுவலக நேரம் போக மற்ற நேரத்தில் ஆய்வு என்று பத்து ஆண்டுகள் ஓடின. 1917இல்தான் சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று பேராசிரியர் பணிக்கு மாறினார். பிற்காலத்தில் நோபல் பரிசு வாங்கியவரின் வீட்டிலேயே 'பிசிக்ஸ் சோறு போடுமா' என்ற கேள்வி இருந்திருக்கிறது.

அவருடைய அண்ணன் மகன் சுப்பிரமணியன் சந்திரசேகரின் கதை வேறு ஒரு சிக்கலைக் காட்டுகிறது. அவரும் அதே மாநிலக் கல்லூரி. 1928இல் ஜெர்மன் இயற்பியலாளர் அர்னால்ட் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தபோது, அவருடைய அணு இயற்பியல் புத்தகத்தைக் கரைத்துக் குடித்திருந்த மாணவர் சந்திரசேகர் அவரைப் போய்ப் பார்த்தார். 'அந்தப் புத்தகத்தில் இருப்பதெல்லாம் பழசாகிவிட்டது, குவாண்டம் இயக்கவியல் வந்து எல்லாவற்றையும் மாற்றிவிட்டது' என்ற பதில்தான் கிடைத்தது. கூடவே தன்னுடைய அச்சாகாத கட்டுரை ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போனார் சோமர்ஃபெல்ட். அதைப் படித்து, அடுத்த ஆண்டே சந்திரசேகர் ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். அப்போது அவர் இளநிலை மாணவர்.

வேலை பற்றிய பயம், பாடத்திட்டத்துக்கும் நடப்பு இயற்பியலுக்கும் உள்ள தூரம் என்ற இரண்டும் இன்றும் அப்படியே இருக்கின்றன. முதலாவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். இரண்டாவதைப் பற்றி அதிகம் பேச்சில்லை. ஆனால் முதலாவதுக்குப் பெரும்பங்கு காரணம் இரண்டாவதுதான்.

போட்டி எங்கே இருந்து வருகிறது?

பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் பொறியியல் கிடைக்காதவர்கள் இயற்பியலுக்கு வந்தார்கள். இப்போது பொறியியலில் கணினி சார்ந்த இடங்கள் பெருகிக்கொண்டே போகின்றன. ஒரு பாடப்பிரிவில் இத்தனை இடங்கள்தான் என்று இருந்த உச்சவரம்பை, நன்றாக இயங்கும் கல்லூரிகளுக்கு 2024-25 முதல் ஏஐசிடிஇ நீக்கிவிட்டது. பெரிய கல்லூரிகள் கணினி அறிவியல், ஏஐ, டேட்டா சயின்ஸ் பிரிவுகளைக் கூட்டின. அங்கே போக முடியாதவர்களுக்கு பி.சி.ஏ. இருக்கிறது. கணினி என்ற சொல் சான்றிதழில் இருந்தால் போதும் என்ற எண்ணம் வீடுகளில் வேரூன்றிவிட்டது.

இதில் ஒரு முரண் உண்டு. அந்த ஏஐக்கு அடித்தளம் போட்ட ஆய்வுகளுக்காக 2024இல் ஜான் ஹாப்ஃபீல்டுக்கும் ஜெஃப்ரி ஹின்டனுக்கும் கிடைத்த நோபல் பரிசு, இயற்பியலுக்கான பரிசு. ஹாப்ஃபீல்ட் தொழிலாலேயே இயற்பியலாளர். அதே நேரம், 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு ஒதுக்கப்பட்ட தொகை 6,003.65 கோடி ரூபாய். அதன் நான்கு மையங்களில் ஒன்றான குவாண்டம் தகவல்தொடர்பு மையம் சென்னை ஐஐடியில் இருக்கிறது. பணமும் ஆய்வும் இயற்பியல் பக்கம் வருகின்றன, மாணவர்கள் எதிர்ப்பக்கம் போகிறார்கள்.

மாணவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. ஐஐடி வளாகத்தில் நடக்கும் குவாண்டம் ஆய்வுக்கும், ஒரு மாவட்டத் தலைநகர அரசுக் கல்லூரியின் மூன்றாம் ஆண்டு பெஞ்சுக்கும் நடுவில் இருக்கும் படிக்கட்டுகளை அவர்களுக்கு யாரும் காட்டுவதில்லை.

மூன்று வருடத்தில் என்ன நடக்கிறது?

மாநிலப் பல்கலைக்கழகங்களின் பி.எஸ்சி. இயற்பியல் பெரும்பாலும் 'பொருட்பண்பும் ஒலியியலும்' என்ற தாளோடு தொடங்கும். யங் குணகம், பரப்பு இழுவிசை, பாகுநிலை. பிறகு வெப்பவியல், இயக்கவியல், ஒளியியல். மூன்றாம் ஆண்டில்தான் அணு இயற்பியல், சார்பியல், குவாண்டம் இயக்கவியல், மின்காந்தவியல். கடைசி செமஸ்டரில் அணுக்கரு இயற்பியல், திடநிலை இயற்பியல், டிஜிட்டல் எலெக்ட்ரானிக்ஸ். பல இடங்களில் 8085 மைக்ரோபிராசசரும் உண்டு. இன்டெல் அதை வெளியிட்டது 1976இல். ஒரு பிராசசர் எப்படி வேலை செய்கிறது என்று புரிய வைக்க எளிய சாதனம் அது என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதே கல்லூரிகளில் பைத்தான் நிரலாக்கமோ, கணினியில் ஒரு சமன்பாட்டை எண்முறையில் தீர்ப்பதோ முறையான ஆய்வகப் பயிற்சியாக எத்தனை இடங்களில் இருக்கிறது என்பது வேறு கேள்வி.

பெரிய ஓட்டை கணிதத்தில். இயற்பியலின் மொழி கணிதம். துணைப்பாடமாக, அதாவது மாணவர் பேச்சில் 'அல்லைடு' ஆக, முதல் ஆண்டிலோ இரண்டாம் ஆண்டிலோ அது வந்து முடிந்துவிடும். அதை நடத்துவது கணிதத் துறை. எதற்காக இந்த வகைக்கெழுச் சமன்பாடு என்று இயற்பியல் பக்கமிருந்து சொல்ல அங்கே ஆள் இருக்காது. மூன்றாம் ஆண்டில் ஷ்ரோடிங்கர் சமன்பாடு கரும்பலகையில் ஏறும்போது கணிதம் மறந்துபோயிருக்கும். அப்புறம் மனப்பாடம்தான் வழி.

தேர்வு முறையும் அதற்கு ஒத்துழைக்கிறது. வழக்கமான வினாத்தாளில் இரண்டு மதிப்பெண், ஐந்து மதிப்பெண், பத்து மதிப்பெண் கேள்விகள். பத்து மதிப்பெண் கேள்வி பெரும்பாலும் ஒரு வருவிப்பு. ஐந்து வருட வினாத்தாளைப் புரட்டினால் எது வரும் என்று தெரிந்துவிடும். தெரிந்ததை வரிசை மாறாமல் எழுதினால் முதல் வகுப்பு. 'இந்தச் சூழலில் என்ன நடக்கும்' என்று யோசிக்க வைக்கும் கணக்கு அபூர்வம்.

பிராக்டிகல் வகுப்பு இன்னும் வேடிக்கை. நியூட்டன் வளையங்கள் சோதனையை எடுத்துக்கொண்டால், சோடியம் விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில், நகரும் நுண்ணோக்கியைத் திருகித் திருகி ஒவ்வொரு வளையத்தின் விட்டத்தையும் அளந்து, லென்சின் வளைவு ஆரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். நுண்ணோக்கியை ஒரே திசையில் நகர்த்தாவிட்டால் அளவு தப்பும். ஏன் தப்புகிறது என்று தேடுவதுதான் இயற்பியல் பயிற்சி. பல கல்லூரிகளில் ஒரு கருவிக்கு நான்கைந்து பேர். ஒருவர் பார்ப்பார், ஒருவர் எழுதுவார், மீதிப் பேர் சீனியர் ரெக்கார்டிலிருந்து ரீடிங்கை இறக்கிவிடுவார்கள். விடை புத்தகத்தில் இருப்பதோடு பொருந்தினால் கையெழுத்து. அளவீட்டில் பிழை எவ்வளவு, அது எங்கிருந்து வந்தது என்று எழுதச் சொல்லும் ஆசிரியர் வாய்த்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள். எந்த ஆய்வகமும் எந்தத் தொழிற்சாலையும் பின்னாளில் கேட்கப்போவது அதைத்தான்.

பிப்ரவரி தேர்வு, ஏப்ரல் பாடம்

இயற்பியல் பட்டதாரிக்குத் திறக்கும் பெரிய கதவு 'ஜாம்' தேர்வு. ஐஐடிகளில் எம்.எஸ்சி. சேர இதுதான் வழி. எல்லாப் பாடங்களும் சேர்த்து சுமார் 3,000 இடங்கள். திருச்சி என்ஐடி போன்றவையும் இதே மதிப்பெண்ணைப் பார்க்கின்றன. மூன்று மணி நேரம், 60 கேள்விகள், 100 மதிப்பெண். வருவிப்பு எழுதச் சொல்லும் கேள்வி ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் யோசித்துப் போடும் கணக்குகள். அதில் 20 கேள்விகளுக்குத் தேர்வு செய்ய விடைகளே தர மாட்டார்கள், எண்ணைக் கண்டுபிடித்துத் தட்ட வேண்டும்.

விண்ணப்பம் செப்டம்பர், அக்டோபரில் முடிந்துவிடும். தேர்வு பிப்ரவரியில். ஆனால் அந்தத் தேர்வின் பாடத்திட்டத்தில் இருக்கும் திடநிலை இயற்பியலும் எலெக்ட்ரானிக்ஸும் பல கல்லூரிகளில் ஆறாவது செமஸ்டர் பாடம். ஏப்ரலில்தான் நடத்தி முடிப்பார்கள். குவாண்டம் இயக்கவியலும் சில மாதங்களுக்கு முன்புதான் முடிந்திருக்கும். சிலபஸ் முடியும்வரை காத்திருந்த மாணவருக்கு வண்டி போயிருக்கும். 'ஜாம்னு ஒண்ணு இருக்கா?' என்று ஆறாவது செமஸ்டரில் கேட்பவர்கள் ஒவ்வொரு ஆண்டும் இருக்கிறார்கள். ஒரு வருடம் வீட்டில் இருந்து படித்து எழுத வசதி உள்ள குடும்பங்களுக்கு அது பெரிய இழப்பில்லை. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அந்த ஒரு வருடம் என்பது, 'படிச்சது போதும், வேலைக்குப் போ' என்ற வீட்டு அழுத்தத்துக்கு முன்னால் நிற்காது.

மற்ற கதவுகளும் இதே பருவத்தில்தான் திறந்து மூடுகின்றன. சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் உள்ளிட்ட ஆய்வு மையங்கள் முனைவர் பட்டத்துக்கும் ஒருங்கிணைந்த படிப்புக்கும் ஆள் எடுக்க 'ஜெஸ்ட்' தேர்வைப் பயன்படுத்துகின்றன. டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்துக்குத் தனித் தேர்வு. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் போன்றவற்றின் எம்.எஸ்சி.க்கு 'க்யூட்' முதுநிலைத் தேர்வு. இவற்றுக்கெல்லாம் உண்மையான தயாரிப்பு இரண்டாம் ஆண்டிலேயே தொடங்க வேண்டும்.

பிளஸ் டூவிலேயே இயற்பியல்தான் என்று முடிவெடுத்தவர்களுக்கு வேறு பாதை. புனே தொடங்கி திருப்பதி வரை ஏழு ஊர்களில் உள்ள ஐசர் நிறுவனங்கள், புவனேஸ்வர் நைசர், பெங்களூரு ஐஐஎஸ்சி, சென்னை சிறுசேரியில் உள்ள சென்னை கணிதக் கழகம் என இளநிலையிலேயே ஆய்வு மனநிலையோடு நடத்தும் இடங்கள் உள்ளன. பிளஸ் டூ வாரியத் தேர்வில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து அடிப்படை அறிவியல் எடுப்பவர்கள், மத்திய அரசின் 'இன்ஸ்பயர்' உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். ஆண்டுக்கு 80,000 ரூபாய்.

தமிழ்வழி மாணவருக்கு எதிரெதிரே இரண்டு கதவுகள்

அரசுக் கல்லூரிகள் பலவற்றில் இயற்பியலுக்குத் தமிழ்வழிப் பிரிவு உண்டு. பள்ளியிலிருந்தே தமிழில் படித்தவருக்கு அது இயல்பான தேர்வு, மாநில அரசு வேலைகளிலும் அதற்குப் பலன் உண்டு. பள்ளி முதல் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு இருக்கிறது. 2020இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, பட்டப்படிப்பை மட்டும் தமிழில் படித்தவர்கள் அதைக் கேட்க முடியாது.

ஆனால் ஜாம் ஆங்கிலத்தில் மட்டுமே. க்யூட் முதுநிலைத் தேர்வும், உதவிப் பேராசிரியர் தகுதிக்கும் ஆய்வு உதவித்தொகைக்குமான சிஎஸ்ஐஆர் நெட் தேர்வும் ஆங்கிலம் அல்லது இந்தி. ஆக, தமிழில் படித்தால் மாநில அரசு வேலைக் கதவு கொஞ்சம் அகலமாகத் திறக்கிறது, ஆய்வுக் கதவு கொஞ்சம் ஒடுங்குகிறது. ஆங்கிலவழிக்குப் போனால் நிலைமை தலைகீழ். பதினேழு வயதில், விண்ணப்பப் படிவத்தின் ஒரு கட்டத்தில் டிக் அடிக்கும்போது இந்த முடிவு எடுக்கப்படுகிறது. அங்கே இதை யாரும் விளக்குவதில்லை. தமிழில் கருத்தைப் புரிந்துகொண்டு, கலைச்சொற்களையும் கணக்குகளையும் ஆங்கிலத்தில் பழகுவது முடியாத காரியம் அல்ல. அதற்குக் கல்லூரி ஒரு பாலப் பயிற்சி கொடுத்தாலே போதும்.

வேலை: பட்டம் மட்டும், பட்டத்தோடு இன்னொன்று

பி.எஸ்சி. இயற்பியல் மட்டும் வைத்துக்கொண்டு போகக்கூடிய இடங்கள் உண்டு. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், பாபா அணு ஆராய்ச்சி மையம் போன்றவை உதவித்தொகையோடு பயிற்சி கொடுத்து வேலையில் சேர்க்கும் முதல் பிரிவுப் பயிற்சியாளர் பணிக்கு, 60 சதவீத மதிப்பெண் பெற்ற பி.எஸ்சி. பட்டதாரிகளை எடுக்கின்றன. இஸ்ரோவின் அறிவியல் உதவியாளர் பணி, வானிலைத் துறையின் அறிவியல் உதவியாளர் பணி ஆகியவற்றுக்கும் இயற்பியல் பட்டதாரிகள் போட்டியிடலாம். அறிவிப்பு எப்போதாவதுதான் வரும், போட்டியோ நாடு முழுவதும். டிஎன்பிஎஸ்சி, வங்கி, எஸ்எஸ்சி போன்றவை எந்தப் பட்டத்துக்கும் பொது.

பட்டத்தோடு இன்னொன்று சேரும்போதுதான் களம் விரிகிறது. அதிகம் தெரியாத உதாரணம் மருத்துவ இயற்பியல். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை தரும் மருத்துவமனையில், எந்தக் கோணத்தில் எவ்வளவு கதிர் போக வேண்டும் என்று திட்டமிட்டுக் கணக்கிடுபவரும், கருவியின் அளவு சரியா என்று சோதிப்பவரும் மருத்துவ இயற்பியலாளர். அவர் இல்லாமல் அந்தப் பிரிவை நடத்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரிய விதிகள் அனுமதிப்பதில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தில் இதற்கு எம்.எஸ்சி. உண்டு. எம்.எஸ்சி. இயற்பியல் முடித்தவர்களுக்கு பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பட்டயப் படிப்பு வழியாகவும் போகலாம்.

பிளஸ் டூவில் கணிதம் படித்த பி.எஸ்சி. பட்டதாரிகள் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரவும் வழி இருக்கிறது. எம்.சி.ஏ. பக்கமும் போகலாம். சில பெரிய ஐடி நிறுவனங்கள் இயற்பியல், கணிதப் பட்டதாரிகளை எடுத்துத் தாங்களே பயிற்சி கொடுக்கின்றன. ஆய்வுக்குப் போய் நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால், 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி.

நான்காவது ஆண்டு வருமா?

யுஜிசி 2022இல் கொண்டுவந்த கட்டமைப்பில் மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட், நான்காண்டு ஹானர்ஸ் பட்டத்துக்கு 160 கிரெடிட். நான்காண்டு முடித்து 75 சதவீதம் வாங்கியவர் எம்.எஸ்சி. இல்லாமலே பி.எச்டி.க்குப் போகலாம். தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் மூன்றாண்டு முறைதான் பரவலாக இருக்கிறது. வெளிநாட்டுப் படிப்புக்குப் பதினாறு ஆண்டுக் கல்வி கேட்கும் இடங்களில் மூன்றாண்டுப் பட்டம் தடையாகலாம், எம்.எஸ்சி. முடித்தால் அந்தச் சிக்கல் தீர்ந்துவிடும். ஆய்வகமும் ஆசிரியரும் இல்லாத இடத்தில் இன்னொரு வருடத்தை மட்டும் சேர்ப்பது யாருக்கு லாபம் என்ற கேள்வி, இந்த விவாதத்தில் கேட்க வேண்டிய அளவுக்குக் கேட்கப்படவில்லை.

காலி பெஞ்சின் விலை

சேர்க்கை குறைந்தால் தனியார் கல்லூரிகள் பிரிவை மூடிவிடும். அதை நம்பியிருக்கும் எம்.எஸ்சி. வகுப்பும் தளரும். 'யாரும் படிக்க வரல, மூடிட்டாங்க, அதனால என்ன?' என்று கேட்கலாம்.

பிளஸ் டூ வகுப்புக்கு இயற்பியல் எடுக்கும் முதுநிலை ஆசிரியராக, பி.எஸ்சி. மூன்று ஆண்டு, எம்.எஸ்சி. இரண்டு ஆண்டு, பி.எட். இரண்டு ஆண்டு, அதற்கு மேல் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வு. குறைந்தது ஏழு ஆண்டுகள். இன்று முதலாமாண்டில் சேர்பவர்தான் அந்த வகுப்பறைக்குப் போவார். நீட்டுக்கும் ஜேஇஇக்கும் பொறியியல் கட் ஆஃபுக்கும் பிள்ளைகளைத் தயார் செய்யப்போகும் ஆசிரியர், அன்றைக்குக் கலந்தாய்வில் மிச்சமாக இருந்த இடத்தை எடுத்தவர். நகரத்தில் கோச்சிங் சென்டர் இருக்கிறது. கிராமத்து அரசு மேல்நிலைப் பள்ளியில் அவர் ஒருவர்தான் இருப்பார்.

கொடைக்கானலில் 1899இல் தொடங்கிய சூரிய ஆய்வகம், ஊட்டியில் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி, அதே ஊரில் காஸ்மிக் கதிர்களை எண்ணும் கிரேப்ஸ்-3, காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம், கல்பாக்கத்தில் அணு உலைகள் என்று இயற்பியல் உள்கட்டமைப்பு இவ்வளவு நெருக்கமாக அமைந்த மாநிலங்கள் குறைவு. அறிவியல் கழகங்கள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைத் திட்டத்தில் இளநிலை மாணவர்களும் விண்ணப்பித்து, இத்தகைய ஆய்வகங்களில் இரண்டு மாதம் வேலை செய்யலாம். அதற்கான விண்ணப்பமும் கோடைக்குப் பல மாதங்கள் முன்பே முடிந்துவிடுகிறது. துறை அறிவிப்புப் பலகையில் அந்தச் சுற்றறிக்கை ஒட்டப்படுகிறதா என்பதை, சேரும் நாளிலேயே எட்டிப் பார்த்துவிடலாம்.